தண்ணீர்க் கழிவு

ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தால்
அது என் நேரம்.
வராத நாளில்
லேப்டாப்பில் மிச்சமிருக்கும் நாற்பது நிமிஷம்
என் நேரம்.
கட்டபெட்டு வாடகை வீட்டில்
கம்பளிக்குள் கால்களை ஒளித்துக்கொண்டு
ஏழு மாதம் எழுதினேன்.
ஒருவர் இலைமூட்டையைத் தராசில் வைக்கிறார்,
எடை விழுகிறது,
ஈரத்துக்கு இத்தனை என்று கழிகிறது,
மிச்சம் விலையால் பெருகுகிறது,
அவர் போனில் மணி அடிக்கிறது.
அவ்வளவுதான் புரோகிராம்.
அவ்வளவுதானா என்று கேட்பவர்கள்
ஜனவரி உறைபனியில் விரல் மரத்துப்போய்
ஒரு கமாவைத் தேடியிருக்க மாட்டார்கள்.

பெள்ளிராஜ் சார் அறையில் ஹீட்டர் ஓடியது.
மேசையில் தட்டு நிறைய வர்க்கி,
சாம்பிள் டீ ஆறு கிண்ணம்.
"இதை எந்த நேரத்தில் செஞ்சே, தவமணி?"
கோபமாகக் கேட்கவில்லை.
இலையை உள்ளங்கையில் கசக்கிப் பார்க்கும்
அதே நிதானம்.
"ராத்திரியில் சார். என் வீட்டில். என் மெஷினில்."
"கணக்கு என் ஃபேக்டரிக் கணக்கு."
"ஆமா சார்."
"தராசு என் தராசு."
"ஆமா."
"சம்பளம்..."
"பகலுக்கு வாங்கினேன் சார்."

கொஞ்சம் பொய்தான்.
ஒரு பகலில், தராசடியில்,
கரியபெட்டன் தன் நோட்டையும் எங்கள் நோட்டையும்
மாற்றி மாற்றிப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினார்.
அந்தப் பிதுக்கலில்தான் முதல் வரி பிறந்தது.
சம்பளம் வாங்கிய கண்ணால் பார்த்ததை
சம்பளம் வாங்காத கையால் எழுதினால்
பட்டா யார் பேருக்கு?

எண்பதாயிரம் கேட்டேன்.
முந்தின நாள் கண்ணாடி முன்னால் நின்று
ஒன்றரை லட்சம் என்று சொல்லிப் பழகியிருந்தேன்.
அரவேணு பஸ்ஸில்
முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிற ஆள்போல
தொண்டை இறங்கிக்கொண்டது.

அவர் பேரம் பேசவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
"தரேன். ஒரு வரியை மட்டும் எடுத்துடு.
போனுக்குப் போற மெசேஜில்
கழிச்ச எடை இருக்கட்டும், காசு இருக்கட்டும்.
கழிவு எதுக்கு?"

மூட்டையில் எத்தனை கிலோ தண்ணீர் என்பது
மழைக்குத்தான் தெரியும் என்பார் சார்.
வெயில் காய்ந்த மார்ச்சிலும்
எங்கள் தராசில் மழை பெய்யும்.

நான் யோசிக்கவில்லை, வாய்தான் யோசித்தது:
"அதை எடுக்க ஒரு லட்சம் ஆகும் சார்."
"மொத்தத்துக்கும் எண்பது,
ஒரு வரியை எடுக்க லட்சமா?"
"அது மேலதான் மத்ததெல்லாம் நிக்குது சார்.
உருவினா எல்லாத்தையும் திரும்பக் கட்டணும்."

இது முழுப் பொய்.
ஒரு பொத்தான், ஒரு தட்டு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சுவருக்கு அந்தப்பக்கம்
இலை வாட்டும் மின்விசிறிகள் இரைந்தன.
வருஷத்துக்குக் கழிவில் எவ்வளவு வரும்,
அதில் எவ்வளவு பேச்சாகும், எவ்வளவு வம்பாகும்
என்று அவர் மனசுக்குள் கூட்டுவது
எனக்கே கேட்டது.
கஞ்சத்தனமும் சில சமயம் தர்மம் செய்யும்.
"இருந்துட்டுப் போகட்டும்" என்று
செக் புத்தகத்தை இழுத்தார்.

அடுத்த திங்கள் சாயங்காலம்
கரியபெட்டனின் சட்டைப்பையில் போன் துடித்தது.
கை நீட்டி, எட்டப் பிடித்துப் படித்தார்.
அறுபத்திரண்டு கிலோ. கழிவு ஒன்பது.
வானத்தைப் பார்த்தார். துடைத்த நீலம்.
தராசைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.

லேப்டாப் கடன் அடைந்தது.
இப்போது ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தாலும்
வேலை இல்லை.
விளக்கணைத்துப் படுத்தபின் அது வரும்.
அந்த ஒரு லட்சத்தை அவர் எண்ணி
மேசைமேல் வைத்திருந்தால்
என்ன செய்திருப்பேன்?
இதை எப்போது யோசிப்பது,
என் நேரத்திலா,
அவர் நேரத்திலா?